மார்கழியில் ஒரு கல்யாண லீவு

டிசம்பர் 1

இது கம்பெனியில் கழித்துப் போட்ட டைரி. ஜூன் இரண்டு தடவை வந்து, ஜூலை இல்லாமல் பைண்டாகிவிட்டது. டிசம்பர் ஒழுங்காக இருக்கிறது, எனக்கு அது போதும்.

காலையில் போர்டில் எழுதிப் போட்டுவிட்டார்கள். டிசம்பரில் கல்யாணம், சாவு இரண்டுக்கு மட்டும்தான் லீவு. ஒரு பிரிவுக்கு ஒரு ஆள். எடுக்காத லீவு 31ஆம் தேதியோடு காலாவதி. வருஷா வருஷம் இதே கூத்துதான். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் ஆடி பிறந்தால் பொங்கல் வரை தலை நிமிர முடியாது. அதற்கு முன்னால் கேட்டால், சீசன் வரப்போகிறது என்பார்கள். சீசனில் கேட்டால், சீசன் என்பார்கள். லீவு என்று ஒன்று எங்களுக்கு உண்டு. அது காலாவதி ஆவதற்காகவே உண்டு.

நான் புரூஃப் பார்க்கிறவள். தினசரித் தாளில் நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அதில் எனக்குக் கெட்ட பெயர் கிடையாது.

மதுரையில் டாக்டரம்மா 19ஆம் தேதி கொடுத்திருக்கிறார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டுமாம். ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, தை மாதம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது என்றார். டாக்டர்கள் எல்லாவற்றையும் பெரிதாகத்தான் சொல்வார்கள். எனக்கு மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

மெடிக்கல் லீவு கேட்கலாமே என்றால், அந்த சர்ட்டிபிகேட் கேஷியர் மேஜை, டைம் கீப்பர் மேஜை, முதலாளியின் மச்சினன் மேஜை என்று ஊர்வலம் போகும். நாற்பத்து மூன்று வயதில், கல்யாணம் ஆகாதவளுக்கு, கர்ப்பப்பையில் என்ன வந்தது என்று ஊரே பேசும். அதற்கு நான் செத்துப் போகலாம்.

டிசம்பர் 3

மேனேஜர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியிடம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். 18 முதல் 31 வரை. காரணம்: சொந்த வேலை.

"என்ன சொந்த வேலம்மா?" என்றார்.

"சொந்த வேலைதான் அண்ணாச்சி."

"மொதலாளி ஒத்துக்க மாட்டாக. கல்யாணம், சாவுன்னு ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

"எங்க வீட்ல கல்யாணம் பண்ணவும் ஆள் இல்ல, சாகவும் ஆள் இல்ல" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவர் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 4

வேலை. திரும்பவும் வேலை.

டிசம்பர் 6

என் நாற்காலியைக் காணோம். மத்தியானம் பாத்ரூம் போய்விட்டு வந்தால் அந்த இடத்தில் பைண்டிங் பிரிவின் இரும்பு நாற்காலி கிடக்கிறது.

புரூஃப் அறையில் நாங்கள் மூன்று பேர். நான், பக்கம் அமைக்கிற அருணோதயம் அண்ணன், பிழை திருத்திப் போடுகிற மாரீஸ்வரி. அவளுக்கு இருபத்தாறு வயது, வாய் ஓயாது. இருவரையும் கேட்டேன்.

"கால் ஆடுச்சுக்கா, சரி பண்ணக் குடுத்திருக்கு" என்றாள் மாரீஸ்வரி. அருணோதயம் அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

என் நாற்காலியின் கால் ஆடியதே கிடையாது. பன்னிரண்டு வருஷமாக உட்காருகிறவள் எனக்குத் தெரியாதா? ஆளை எடுப்பதற்கு முன்னால் நாற்காலியைத்தான் எடுப்பார்கள்.

இன்று உதிரப்போக்கு கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. நல்லவேளை, கருநீலச் சேலை கட்டியிருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 7

நாற்காலி வந்துவிட்டது. மெத்தை ஈரமாக இருக்கிறது, சோப்பு வாசனை அடிக்கிறது. காலைச் சரி பண்ணினவன் மெத்தையை எதற்குத் துவைத்தான்?

நான் அறைக்குள் போனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

டிசம்பர் 8

மாரீஸ்வரிக்கு லீவு கிடைத்துவிட்டது. போர்டில் எங்கள் பிரிவுக்கு நேராக அவள் பெயர்: 18 முதல் 31 வரை. காரணம், இல்லத் திருமணம்.

நான் கேட்ட அதே நாட்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வயிறு எரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது. 16ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. மார்கழியில் எந்த வீட்டில் கல்யாணம் வைப்பார்கள்? அந்த மாதத்துத் தாளில் முகூர்த்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் எங்கள் ஆட்களில் ஒருத்திதான், சர்ச்சில் கல்யாணம் என்று சொல்லவும் வழியில்லை.

சரி, அவள்தான் சின்னப் பெண், யோசிக்காமல் எழுதிவிட்டாள். முப்பது வருஷமாகக் காலண்டர் அடிக்கிற சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்குமா தெரியாது? தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன்?

டிசம்பர் 9

மாரீஸ்வரி என் மேஜையில் ஒரு பொட்டலம் வைத்தாள். பேரீச்சம்பழம்.

"கடையில நெறைய வாங்கிட்டேன்க்கா. தெனம் நாலு சாப்பிடுங்க."

"யார் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"எங்க சித்தி மகளுக்கு" என்றாள். முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் என்று நினைப்பதா, இப்போதுதான் பழகுகிற முகம் என்று நினைப்பதா?

வாயை அடைக்கப் பேரீச்சம்பழம். நான் தொடவில்லை.

டிசம்பர் 10

பேப்பர் கோடவுன் ஓரத்தில் அண்ணாச்சியும் அவளும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரிப் போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர், "நீ எதுக்கும்மா அழுற, நான் பாத்துக்கிறேன்" என்றார். என்னைக் கண்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் நடந்தார்கள்.

எதைப் பார்த்துக்கொள்கிறாராம்? கல்யாணமானவள் அவள். அவருக்குப் பேரன் இருக்கிறான். நான் யாரைப் பற்றியும் தப்பாக நினைக்கிறவள் இல்லை. ஆனால் தெரிகிற பிழையைத் தெரியவில்லை என்று விட்டுவிட எனக்கு வராது.

படியில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினேன்.

டிசம்பர் 11

மேலே போய் முதலாளியைப் பார்த்தேன். கோபத்தில் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது, நிதானமாகத்தான் பேசினேன்.

"மார்கழில கல்யாணம்னு லீவு குடுத்திருக்காக மொதலாளி. நம்ம காலண்டர்லயே ஒரு முகூர்த்தம் கெடையாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சௌந்தரபாண்டியனா கையெழுத்துப் போட்டான்?"

"ஆமா. அவுகளுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் இல்லாத சலுகை அந்தப் பிள்ளைக்கு மட்டும் எதுக்குன்னு நீங்கதான் விசாரிக்கணும். கோடவுன் பக்கம் நின்னு பேசுறதெல்லாம் நான் பாத்தேன்."

இவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரிக்கச் சொல்வது தப்பா?

டிசம்பர் 12

முதலாளி கீழே இறங்கி வந்துவிட்டார். அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பைண்டிங் ஹாலின் நடுவில், அத்தனை பெண்களுக்கும் முன்னால் கேட்டார்.

"மார்கழில கல்யாணமாமே? பொண்ணு யாரு, மாப்பிள்ள யாரு? நீயும் அவளும்தானா?"

அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்து, என் பக்கம் திரும்பிப் பார்த்து, மூடிக்கொண்டாள். அவள் லீவு ரத்து. எங்கள் பிரிவுக்கே டிசம்பர் முடியும் வரை லீவு கிடையாது என்று சொல்லிவிட்டு முதலாளி மேலே போனார்.

பைண்டிங் பெண்கள் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார்கள். பிறகு வேலை நடந்தது, கூடவே பேச்சும் நடந்தது.

நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

டிசம்பர் 13

மாரீஸ்வரி வரவில்லை.

டிசம்பர் 14

இன்றும் வரவில்லை. அவள் வீட்டுக்காரன் கதிரேசன் எங்கள் கம்பெனிக்குத்தான் பேப்பர் லோடு அடிக்கிறான். டீக்கடையில் எவனோ அவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டானாம்.

சாப்பாட்டு நேரத்தில் அருணோதயம் அண்ணன் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மேல போயி சொன்னது நீதான?"

"உள்ளதச் சொன்னேன்."

"உள்ளது என்னன்னு நான் சொல்லவா? அந்த லீவு ஒனக்காகப் பிடிச்சு வெச்சது. பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரி, அந்தப் பிள்ள துண்டு போட்டு வெச்சிருந்துச்சு. பதினேழாம் தேதி சாயங்காலம் ஆள் மாத்தம்னு போர்டுல பேர மட்டும் அழிச்சு ஒம் பேர எழுதிருப்பாக. மொதலாளி தலையத்தான் எண்ணுவாக, காரணத்த ரெண்டாந்தரம் பாக்க மாட்டாக. வருஷா வருஷம் பைண்டிங்ல இப்படித்தான செய்யுதாக."

எங்கள் அறையில் யாரும் அப்படிச் செய்ததில்லை. என்னை வைத்துக்கொண்டு யாருக்கும் செய்யத் தோன்றியிருக்காது.

"எனக்கு எதுக்கு லீவு?" என்றேன்.

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியும். ஒன் நாக்காலியக் கழுவுனது அந்தப் பிள்ளதான். எங்க யாரையும் கிட்ட விடல. மேனேஜர்ட்ட போயி, அக்காவுக்கு ரொம்ப முடியல, வாயத் தொறந்து கேக்க மாட்டாக, நீங்கதான் பாத்துச் செய்யணும்னு அழுதுச்சு. கல்யாணம்னு எழுதச் சொன்னது அவருதான். மார்கழின்னு எங்களுக்கும் தெரியும். நானும் இந்த மாசம் லீவு கேக்கல, பாத்தியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"போன வருஷம் மயக்கமாம்மான்னு கேட்டேன். ஒரு மாசம் எங்கூடப் பேசாம இருந்த."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அறையில் யாரும் இல்லாததால் அழுதேன்.

டிசம்பர் 15

மேலே போனேன். முதலாளி இருந்தார், மச்சினன் இருந்தான், கேஷியர் செக்கில் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். போகவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பைய எடுக்கணும் மொதலாளி. பத்தொம்பதாம் தேதி ஆபரேஷன். அந்த லீவு எனக்காக எடுத்தது. அண்ணாச்சி மேலயும் மாரீஸ்வரி மேலயும் ஒரு தப்பும் இல்ல. தப்பா நெனச்சது நான்."

கேஷியர் செக்கைப் பார்த்தார். மச்சினன் காற்றாடியைப் பார்த்தான். முதலாளிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்றார்.

அதைச் சொல்ல முடியாத ஊரில்தானே அவரும் இருக்கிறார். 31 வரை லீவு, அதற்குப் பிறகு சம்பளமில்லா லீவு என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அண்ணாச்சி எழுதினார், என்னைப் பார்க்கவில்லை. மன்னிச்சுக்கோங்க என்றேன். "ஒடம்பப் பாரும்மா" என்றார்.

மாரீஸ்வரி பற்றிக் கேட்டேன். அவள் வேலை அப்படியே இருக்கிறது, வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்றார் முதலாளி. வந்தால்தானே.

டிசம்பர் 18

மதுரை. திருப்பூரிலிருந்து தம்பி மனைவி துணைக்கு வந்திருக்கிறாள். நான் கூப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். என்ன எதிர்பார்த்து இவ்வளவு அவசரமாக வந்தாள்? அம்மாவின் வீடு என் பெயரில் இருக்கிறது.

இதை எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும். என் லட்சணம் எனக்குத் தெரியட்டும்.

டிசம்பர் 20

வலி.

டிசம்பர் 22

மாரீஸ்வரி வந்தாள். கண்ணைத் திறந்தால் கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். கையில் தூக்குவாளி.

"ஆட்டுக்கால் சூப்பு. சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க."

"வீட்ல விட்டாகளா?"

"அம்மா வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது."

எழுந்து உட்காரப் பார்த்தேன், அவள் தோளைப் பிடித்து அழுத்திவிட்டாள். நான் ஆரம்பித்தேன். கோடவுன், பேரீச்சம்பழம், என்னென்னவோ உளறினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மேல என்ன சொன்னீங்கன்னு அன்னிக்கே தெரியும்க்கா. மொதலாளி கேக்கும்போதே உங்க மொகத்தப் பாத்தேன்ல."

"அப்பவே உண்மையச் சொல்லிருக்கலாமே நீ."

"அத்தன பேருக்கு முன்னால உங்களுக்கு என்ன சீக்குன்னு எப்படிச் சொல்றது?"

அவள் சூப்பை டம்ளரில் ஊற்றினாள்.

"உங்கமேல பாசம் பொங்கி ஒண்ணும் வரல. கோவமாத்தான் இருக்கு. ரெண்டு நாளா அத்த எங்கூடப் பேசல. அவரு என் போன எடுத்து எடுத்துப் பாக்காரு. நான் சொன்னா எடுபடல. நீங்க நடமாட முடிஞ்ச அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

வருகிறேன் என்றேன். டம்ளர் காலியாகும் வரை நின்றுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 27

டிஸ்சார்ஜ். படியேறக் கூடாது, ஒரு வாரம் எங்கும் போகக் கூடாது என்றார் டாக்டரம்மா. சரி என்றேன். சிவகாசிக்குள் வந்ததும் காரை மாரீஸ்வரி வீட்டுக்கு விடச் சொன்னேன். தம்பி மனைவி சத்தம் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்து அவளே இறக்கிவிட்டாள்.

கதிரேசன் வீட்டில்தான் இருந்தான். மாமியார் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க என்றான், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் வியாதியின் பெயர், நாற்காலி, அது எப்படி நனைந்தது, யார் கழுவியது, லீவு யாருக்காக. ஒரு ஆண்பிள்ளை முன்னால் இதையெல்லாம் சொல்வேன் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "ஐயோ, பச்ச உடம்போட வந்திருக்கியே தாயி" என்றாள்.

கதிரேசன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் கேட்டான்.

"அன்னிக்கு மொதலாளிட்ட சொன்னதும் நீங்கதான்."

"ஆமா."

"அதையும் உண்மைன்னுதான் சொன்னீங்க."

"ஆமா."

"இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு நான் எப்படிங்க எடுத்துக்கிறது? அவ வந்து கேட்டதுனால சொல்றீங்களோ என்னமோ. அம்மா வீட்டுக்குன்னு சொல்லிட்டு உங்களப் பாக்க வந்தாள்ல."

அவனுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. மாரீஸ்வரி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மோசமானவன் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒன்றையும் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே பொருந்தவில்லை என்று தேடுகிற முகம். அந்த முகத்தைத் தினமும் தலை வாரும்போது நான் பார்க்கிறேன்.

என்ன சொன்னாலும் அவன் அதையும் எடுத்து வைத்துப் பார்ப்பான் என்று தெரிந்துவிட்டது. அவளை வேலைக்கு மட்டும் அனுப்புங்கள் தம்பி என்றேன். பார்க்கலாம் என்றான்.

டிசம்பர் 31

இன்றோடு லீவு காலாவதி. அருணோதயம் அண்ணனுடையதும் மாரீஸ்வரியுடையதும் எடுக்காமலே போயிற்று.

ஜனவரி 3

அருணோதயம் அண்ணன் போன் செய்தார். மாரீஸ்வரி நேற்றிலிருந்து வேலைக்கு வருகிறாளாம். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் பற்றிக் கேட்டாளாம். அண்ணாச்சியோடு மட்டும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லையாம். புரூஃபை அருணோதயம் அண்ணன் வாங்கி அவர் மேஜைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாராம்.

"கதிரேசனே காலைல வண்டில கொண்டாந்து விடுறான்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கே வந்து கம்பெனி வாசல்ல நிக்கான். மத்தியானம் ஒரு தடவ வேற வந்துட்டுப் போனான்."

"லோடு அடிக்கப் போறதில்லையா?"

"போற மாதிரித் தெரியல."

"கூட்டிட்டுப் போக வாரானா, காவலுக்கு வாரானா?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளயும் என்கிட்ட அதத்தான் கேட்டுச்சு" என்றார்.